நேற்றையது செல்லாது

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது.
போட்டவள் கெத்சியா, ஆறு வயது.
நேற்றுச் சொன்ன ஸ்தோத்திரத்தை
இன்று சொல்லக் கூடாது.
"அது பழசும்மா" என்பாள்,
ஃப்ரிட்ஜில் வைத்த சாம்பாரைச் சொல்வதுபோல.

போன வாரத்தோடு தீர்ந்துவிட்டன
என்னிடமிருந்த பெரிய நோட்டுகள்:
உயிர், சுகம், வீட்டுக்காரரின் ரயில்வே வேலை,
எட்டாம் மாதத்தில் பிறந்தும் பிழைத்த யாபேஸ்.
இனி எல்லாம் சில்லறைதான்.

சூரமங்கலத்தில்
தண்டவாளத்துக்கு முதுகு காட்டிய வீடு.
ஏழரைக்குப் பாய் விரிப்போம்.
பரமண்டல ஜெபத்தில்
அப்பம் கேட்கிற இடத்துக்கு வரும்போதுதான்
தவறாமல் ஒரு கூட்ஸ் வரும்.
கண்மூடியபடி நிறுத்துவோம்.
யாபேஸ் மட்டும் ஜன்னலில் ஏறிப் பெட்டி எண்ணுவான்.
ஏற்காடு பஸ்ஸில்
கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிப் படித்தவன்,
அவனுக்கு இருபதோடு எண் முடிந்து மலை வந்துவிடும்.
அதனால்
இருபது, இருபது, இருபது என்றே
கடைசிப் பெட்டிவரை போவான்.
அங்கே யாரோ ஒரு கார்டு.
அப்பா அன்றைக்கு ஜோலார்பேட்டையில் இருந்தாலும்
கை காட்டிவிட்டுத்தான்
அப்பத்துக்குத் திரும்புவான்.

இன்று விடிந்ததே பால் தீய்ந்து.
கெத்சியாவின் தலையில் பேன்.
ஒற்றை ஷூவைக் காணோம்,
கிடைத்தபோது அதற்குள் பாதித் தட்டுவடையும்
அதைச் சுமக்க வந்த எறும்புகளும்.
மேட்டூர்த் தண்ணீர் வரவேண்டிய நாள்,
வரவில்லை.
மதியம் பள்ளியிலிருந்து போன்:
யாபேஸ் ஒரு பையனைக் கடித்துவிட்டான்.
"எங்கே மிஸ்?"
"காதுல."
பேதுருவின் வாள் ஞாபகம் வந்து
சிரிப்பை அடக்க
என் உதட்டை நான் கடித்துக்கொண்டேன்.

இரவு, பாயில்,
கெத்சியா முதலில்:
"பேன் சீப்புல ஏழு வந்துச்சு. ஸ்தோத்திரம்."
யாபேஸ்:
"தருணேஷ் காது கீழ விழல. ஸ்தோத்திரம்."

என் முறை.
"ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளுக்காக..."
"அது திங்கக்கிழமை சொன்னது."
"இந்த வீட்டுக்காக..."
"அதுவும்."
கண்டக்டர் தலைமேல் நிற்க
கைப்பையின் அடியில் துழாவுகிறவள்போல
துழாவினேன்.
தீய்ந்த பால் வந்தது. வாடகை வந்தது.
மிஸ்ஸின் குரல் திரும்ப வந்தது.
ஒரு கண்ணைத் திறந்து
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் சட்டக்காரி.

அப்போது வாசல் குழாய் இருமியது.
ஒருமுறை. இன்னொருமுறை.
பிறகு காற்றைத் துப்பிவிட்டு
செம்மண் நிறத்தில் கொட்டத் தொடங்கியது.

யார் முதலில் எழுந்தது என்று தெரியவில்லை.
நீல டிரம், இரண்டு குடம், பிரஷர் குக்கர்,
யாபேஸின் தண்ணீர் பாட்டில்,
கடைசியில் அந்த ஷூவைக்கூட நீட்டினான்.
திட்டினேன். நனைந்தேன்.
எதிர்வீட்டு ராஜாமணி அக்கா
"ஏன் சரோஜினி, பிள்ளைங்களுக்குச் சளி பிடிக்காதா?" என்று
தன் குடத்தோடு வந்து வரிசையில் நின்றார்.
பத்து மணிக்குக் குழாய் ஓய்ந்தபோது
இரண்டும் தூங்கியிருந்தன,
ஈரத் தலையோடு, பாயின் குறுக்கே.

மாடித் தொட்டியை மூடப் போனேன்.
எதிரே சேர்வராயன் மலை, இருட்டோடு இருட்டாக.
ஒரு வண்டி இறங்கிக்கொண்டிருந்தது,
வளைவுக்கு வளைவு
அணைந்து அணைந்து எரிந்த ஒற்றைப் பொட்டு வெளிச்சம்.
அப்போதுதான் நினைவு வந்தது,
யாரும் ஆமென் சொல்லவில்லை.
சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.
தண்ணீருக்குச் சொல்லலாம்,
ஆனால் நாளைக்குக் கெத்சியாவுக்கு வேண்டியிருக்கும்.

கீழே கூட்ஸ் ஒன்று வந்தது.
எண்ணினேன்,
பதினெட்டு, பத்தொன்பது, இருபது,
இருபது,
இருபது,
இருபது.
கடைசியில் சிவப்பு விளக்கு,
அதன் பின்னால் முகம் தெரியாத யாரோ.

ஈரக் கையை
உயர்த்திக் காட்டினேன்.